டீச்சரம்மாவின் நோட்டுப் புத்தகங்கள்

(தொழிலாளர் வாசகசாலைக் கூட்டம் ஒன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



உலகப் படத்தை விரித்துப் பாருங்கள். தென் அமெரிக்காவின் மேற்கு ஓரத்தில், ஒரு பக்கம் பசிபிக் கடல், மறு பக்கம் ஆண்டீஸ் மலை, இரண்டுக்கும் நடுவே சாட்டைக் கயிறு கிடப்பதுபோல் ஒரு நாடு நீண்டு கிடக்கும். அதுதான் சிலி. செம்பும் வெடியுப்பும் தோண்டி எடுக்கிற பூமி. பாப்லோ நெரூதாவின் நாடு என்றால் உங்களில் பலருக்குத் தெரியும். அலெண்டேயின் நாடு என்றால் இன்னும் பலருக்குத் தெரியும். நான் இன்று பேச வந்திருப்பது அந்த நாட்டுப் பள்ளிக்கூட டீச்சர் ஒருவரைப் பற்றி. சரியாகச் சொன்னால், அந்த டீச்சரம்மா கண் மூடிய பிறகு மிச்சமான காகிதங்களைப் பற்றி.

அவர் பெயர் கப்ரியேலா மிஸ்த்ரால். இது புனைபெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் லூசிலா கோடோய் அல்காயாகா. 1889ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் தேதி பிறந்தார். 1957ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் தேதி, நியூயார்க் நகருக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் காலமானார். நடுவில் 1945இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்றார். லத்தீன் அமெரிக்கா முழுவதற்கும் அதுதான் முதல் இலக்கிய நோபல். நெரூதாவுக்கு அந்தப் பரிசு வந்தது 1971இல்தான்.

அம்மையார் இறந்து ஐம்பது ஆண்டு கழித்து, 2007இல், அமெரிக்காவிலிருந்து சிலியின் தலைநகர் சாந்தியாகோவுக்குப் பெட்டி பெட்டியாக அவருடைய காகிதங்கள் வந்து இறங்கின. கையெழுத்துப் பிரதிகள், டைப் அடித்த தாள்கள், அந்தத் தாள்களின் மேல் பென்சிலால் போட்ட திருத்தங்கள், பள்ளிப் பிள்ளைகள் வைத்திருப்பது போன்ற நோட்டுப் புத்தகங்கள், கட்டுக் கட்டாகக் கடிதங்கள், போட்டோக்கள், ஒலி நாடாக்கள். பல்லாயிரக்கணக்கான தாள்கள்! 1813இல் தொடங்கிய சிலி தேசிய நூலகத்தில் அவை இன்று பத்திரமாக இருக்கின்றன.

"சரி, இருக்கட்டும். எட்டு மணி நேரம் ரிங்பிரேம் முன்னால் நின்றுவிட்டு வந்தவனுக்கும், சேற்றில் குனிந்து நாற்று நட்டுவிட்டு வந்தவளுக்கும் அந்தக் காகிதத்தால் ஆகப்போவதென்ன?" என்று ஒரு தோழர் வாசலிலேயே என்னைக் கேட்டுவிட்டார். நியாயமான கேள்வி. காகிதம் எவன் கையில் இருக்கிறதோ, அவன் சொன்னதுதான் சரித்திரம் என்று ஆகிவிடுகிறது. இதைவிடச் சுருக்கமான பதில் என்னிடம் இல்லை. எப்படி ஆகிறது என்பதை அந்த அம்மையாரின் வாழ்க்கையே சொல்லும், கேளுங்கள்.

சிலியின் வடக்குப் பக்கத்தில் எல்கி என்று ஒரு பள்ளத்தாக்கு. இருபுறமும் புல் முளைக்காத மொட்டை மலை. நடுவே ஓடுகிற சிற்றாற்றின் ஓரமாக மட்டும் பச்சைக் கோடு போட்டதுபோல் திராட்சையும் அத்தியும். அங்கே விக்குன்யா என்ற சிற்றூரில் பிறந்து, மலைக்கு மேலே மாண்டெகிராண்டே என்ற கிராமத்தில் வளர்ந்தார் லூசிலா. தகப்பனாரும் வாத்தியார்தான், பாட்டுக் கட்டத் தெரிந்தவர். மகளுக்கு மூன்று வயதாகும்போது வீட்டை விட்டுப் போய்விட்டார். தாயார் தையல் வேலை செய்தார். தாயாருக்கு முன்பே பிறந்த மூத்த மகள் எமெலினா கிராமத்துப் பள்ளிக்கூடத்து டீச்சர். பள்ளிக்கூடமே வீடு. அக்காவின் சம்பளமே சோறு. அக்காவே முதல் குரு.

இனி ஒரு சம்பவம். மேல் படிப்புக்காகச் சிறுமியை விக்குன்யா பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். பிள்ளைகளுக்கு எழுதக் காகிதம் சர்க்கார் கொடுக்கும். அதை எடுத்துப் பங்கிட்டுத் தருகிற வேலை இந்தச் சிறுமிக்கு. வாய் பேசாத, கூச்சமுள்ள பெண். மற்றப் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு கை கூடுதலாக அள்ளிக்கொண்டு போவார்கள். இவளுக்குத் தடுக்கத் தெரியாது. வருஷம் முடிவதற்குள் காகிதம் தீர்ந்துபோயிற்று. தலைமை ஆசிரியை என்ன செய்தார்? "இவள் திருடி" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். பள்ளிக்கூடம் விட்டதும் சக மாணவிகள் தெருவில் நின்று கல்லால் அடித்தார்கள். இந்தக் காயத்தை அம்மையார் சாகும்வரை மறக்கவில்லை, பல முறை சொல்லியிருக்கிறார். காகிதத் திருடி என்று பட்டம் சூட்டி விரட்டிய பெண் எழுதிய காகிதத்தைத்தான், ஒரு நூற்றாண்டு கழித்து அதே நாட்டின் அரசாங்கம் இரு கை நீட்டி வாங்கிக் கொண்டது!

பதினைந்து வயதில் லா கம்பானியா என்ற ஊரில் துணை ஆசிரியை வேலை. பகலில் சிறு பிள்ளைகள். இரவில், பகலெல்லாம் உழைத்துவிட்டு வருகிற எழுத்தறியாத ஆட்கள். இவரை விட வயதில் மூத்தவர்கள், மீசை முளைத்தவர்கள் இவர் முன்னால் பலகை பிடித்து உட்கார்ந்தார்கள். சிலியில் கட்டாயத் தொடக்கக் கல்விச் சட்டம் வந்ததே 1920இல்தான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்து இராப் பள்ளிக்கூடம் என்பது யாரும் உத்தரவு போட்டு நடந்த காரியமல்ல.

இந்த வயதிலேயே உள்ளூர்ப் பத்திரிகைகளில் எழுதத் தொடங்கினார். 1906இல், பெண்களுக்குப் படிப்பு வேண்டும் என்று ஒரு கட்டுரை. பதினாறு வயதுப் பெண், மலைக்கிராமத்து அரைகுறை டீச்சர், படிப்பில்லாததால்தான் பெண் அடிமையாகக் கிடக்கிறாள் என்று எழுதுகிறாள். விளைவு? முறையான ஆசிரியப் பயிற்சி பெற லா செரேனா நகரத்துப் பயிற்சிப் பள்ளிக்கு மனுப் போட்டார். தாயாரும் அக்காளும் இராத் தூக்கம் விழித்துத் துணி தைத்துக் கொடுத்தார்கள். போய்ச் சேர வேண்டிய நேரத்தில் கதவு சாத்தப்பட்டது. அங்கே இருந்த பாதிரியார் ஒருவர் இவர் எழுதியதைப் படித்துவிட்டு, இந்தப் பெண் சேர்ந்தால் மற்றப் பெண்களின் மனம் கெட்டுவிடும் என்று ஆட்சேபித்தாராம்.

தோழர்களே, நம் ஆலைகளில் சங்கத்தில் பெயர் கொடுத்தவனுக்கு வேலை கிடைக்காமல் போன கதை உங்களுக்குப் புதிதா? அதே கதைதான். அங்கே பேனா, இங்கே சங்கச் சீட்டு.

பிறகு லா செரேனாப் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் எழுத்தர் வேலை கிடைத்தது. யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்று பார்க்கிற இடம். வசதியுள்ள வீட்டுப் பெண்களுக்கான பள்ளிக்கூடம் அது. இவரோ ஏழைப் பெண்களையும் சேர்த்துக்கொண்டார். அந்த வேலையும் போயிற்று.

பட்டம் இல்லை, பயிற்சிச் சான்றும் இல்லை. 1910இல் சாந்தியாகோவுக்குப் போய், வெளியிலிருந்து பரீட்சை எழுதித் தேறி, ஆசிரியை என்ற தகுதியைப் பெற்றார். அதற்குப் பின் ஊர் ஊராக மாற்றல். தெற்கே ட்ரைகேன். வடக்கே வெடியுப்புத் துறைமுகமான அந்தோஃபகாஸ்தா. மலையடிவாரத்து லோஸ் அந்தேஸ். அங்கே ஆறு ஆண்டு. அங்கிருந்தபோதுதான் 1914இல் தலைநகரத்துக் கவிதைப் போட்டியில் முதல் பரிசு. பரிசு வாங்க மேடை ஏறாமல் கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்து பார்த்துவிட்டுத் திரும்பினார் என்று சொல்வார்கள். 1918 முதல் 1920 வரை உலகின் தென்கோடியில், பனிக்காற்று வீசுகிற புந்தா அரேனாஸ். அப்புறம் தெமுக்கோ.

தெமுக்கோவில் பள்ளிப் படிப்பை முடிக்கிற பையன் ஒருவன் இவரைப் பார்க்க வந்தான். ரயில்வே தொழிலாளியின் மகன். அவனுக்கு டால்ஸ்டாய், தாஸ்தாயெவ்ஸ்கி, செகாவ் புத்தகங்களைப் படிக்கக் கொடுத்தார் டீச்சரம்மா. அந்தப் பையன்தான் பின்னாளில் பாப்லோ நெரூதா. இதை நெரூதாவே தம் வாழ்க்கை நினைவுகளில் நன்றியோடு எழுதியிருக்கிறார்.

1921இல் தலைநகரத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்குத் தலைமை ஆசிரியையாக நியமித்தார்கள். உடனே கூச்சல்! "பட்டம் இல்லாதவளுக்குத் தலைமைப் பதவியா?" நாடு முழுவதும் பிள்ளைகள் படிக்கிற வாசகப் புத்தகங்களில் இவருடைய பாட்டும் உரைநடையுமாக ஐம்பதுக்கு மேல் அச்சாகியிருந்தன. பிள்ளைகள் இவரைப் படிக்கலாம். இவர் பிள்ளைகளுக்குத் தலைமை ஆசிரியை ஆகக் கூடாது! அடுத்த ஆண்டே மெக்சிகோ அரசாங்கம் அழைத்தது. அங்கே விவசாயிகள் புரட்சி நடந்து முடிந்திருந்தது. கல்வி மந்திரி வாஸ்கோன்ஸெலோஸ் கிராமம் தோறும் பள்ளிக்கூடமும் வாசகசாலையும் திறந்துகொண்டிருந்தார். அந்த வேலைக்கு இவரைக் கேட்டார். இவர் போனார். நிலம் உழுதவனுக்குப் பங்கிடப்படுவதைக் கண்ணால் பார்த்தார். அன்று முதல் நிலப் பிரச்னை இவர் எழுத்தை விட்டு நீங்கவில்லை.

இவருடைய முதல் கவிதைப் புத்தகம் எங்கே வெளியாயிற்று தெரியுமா? சிலியில் அல்ல. 1922இல் நியூயார்க்கில். அங்கே ஸ்பானிஷ் மொழி கற்பிக்கிற ஆசிரியர்கள், இவருக்கு இன்னும் ஒரு புத்தகம்கூட வரவில்லை என்று கேள்விப்பட்டு வியந்து, தாங்களே வெளிவரச் செய்தார்கள். அந்தப் புத்தகத்தில் நம் நாட்டுக் கவி தாகூரின் கவிதைகளுக்கு இவர் எழுதிய விளக்கங்களும் உண்டு. தாகூரும் பள்ளிக்கூடம் நடத்திய கவிஞர்தானே!

பின்னாளில் அரசாங்கம் இவரைக் கன்சலாக நியமித்தது. ஸ்பெயின், போர்த்துக்கல், பிரேசில், இத்தாலி, அமெரிக்கா என்று இருபது வருஷத்துக்கு மேல் வெளிநாட்டு வாசம். வீடு மாறும்போதெல்லாம் நோட்டுப் புத்தகங்களும் பெட்டிகளில் கூடவே போயின.

இனி அந்த நோட்டுப் புத்தகங்களுக்கு வருவோம்.

மேஜை இவருக்கு உதவியதே இல்லை. மடியில் ஒரு பலகை, பலகை மேல் தாள், கையில் பென்சில். இதுதான் இவர் எழுதும் பட்டறை. எழுதியதைத் திரும்பத் திரும்பத் திருத்துவார். வேறொருவர் டைப் அடித்துக் கொடுத்தால் அதன் மேலும் பென்சில் ஏறும். மறுபடி டைப், மறுபடி பென்சில். ஒரே கவிதைக்குப் பல உருவங்கள் அந்தப் பெட்டிகளில் கிடக்கின்றன. ஒரு சொல்லுக்கு மேலே இன்னொரு சொல்லை எழுதி, கீழே உள்ளதையும் அடிக்காமல், மேலே உள்ளதையும் அடிக்காமல், பிறகு பார்க்கலாம் என்று விட்ட இடங்களும் உண்டு. எல்கிப் பள்ளத்தாக்கின் குடியானவர்கள் பேசுகிற பழஞ்சொற்களை, நகரத்துப் பண்டிதர்கள் முகம் சுளிக்கிற சொற்களை, விடாமல் பிடித்து வைத்துக்கொண்டார். "சுத்தமான ஸ்பானிஷ் அல்ல" என்று சொன்னவர்களை அவர் லட்சியம் செய்யவில்லை.

கவிதை என்பது வானத்திலிருந்து விழுகிறது, பிறவியிலேயே சிலருக்கு வாய்க்கிறது, மற்றவன் கை தட்டினால் போதும் என்று நம்மிடம் சொல்லி வைத்திருக்கிறார்கள். அந்தத் தாள்களைப் பாருங்கள். அறுந்த இழையை முடிச்சுப் போட்டு, முடிச்சு தெரிகிறதே என்று மறுபடி பிரித்து, மறுபடி போடுகிற கையைத்தான் அங்கே காண்கிறோம். இந்த வேலை உங்களுக்குத் தெரியும். அச்சான புத்தகத்தில் இது தெரியாது. கையெழுத்துப் பிரதியில்தான் தெரியும்.

1957இல் இறக்கும்போது அம்மையார் ஓர் உயில் விட்டுப்போனார். தென் அமெரிக்காவில் தம் புத்தகங்கள் விற்கிற பணம் மாண்டெகிராண்டே கிராமத்து ஏழைப் பிள்ளைகளுக்குச் சேர வேண்டும் என்பது அதில் ஒரு வாசகம். காகிதங்களின் பொறுப்பு டோரிஸ் டானா என்ற அமெரிக்கப் பெண்மணியிடம் வந்தது. அம்மையாரின் கடைசி ஆண்டுகளில் கூடவே இருந்தவர். காகிதங்கள் அமெரிக்காவில் அவர் வீட்டிலேயே தங்கிவிட்டன. ஒரு பகுதியை மைக்ரோபிலிமாக எடுக்க மட்டும் இடம் கொடுத்தார். அரை நூற்றாண்டு அவற்றை அவர் கைவிடவில்லை. காவல் என்பதா, பூட்டு என்பதா? என்னைக் கேட்டால் இரண்டும்தான் என்பேன். சிலியின் மாணவனுக்கும் ஆசிரியனுக்கும் தங்கள் கவிஞரின் கையெழுத்தைப் பார்க்க வழியில்லாமல் போயிற்று. ஆனால் அந்த ஐம்பது ஆண்டில் பதினேழு ஆண்டு சிலியை ஆண்டது யார் என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

காகிதம் கண்ணுக்குத் தெரியாத காலத்தில் என்ன நடந்தது? 1972இல் அலெண்டே ஆட்சியில், ஐ.நா. வர்த்தக மாநாட்டுக்காகச் சாந்தியாகோவில் ஒரு பிரம்மாண்டமான கட்டடம் எழுந்தது. 275 நாளில் தொழிலாளர்கள் கட்டி முடித்தார்கள். மாநாடு முடிந்த பின் அதை மக்கள் பண்பாட்டு நிலையமாக்கி டீச்சரம்மாவின் பெயரை வைத்தார்கள். தொழிலாளிகளும் மாணவர்களும் மலிவு விலையில் சாப்பிடுகிற உணவுச்சாலை அங்கே இருந்தது. 1973 செப்டம்பர் 11ஆம் தேதி ராணுவக் கவிழ்ப்பு. அலெண்டே இறந்தார். அந்தக் கட்டடத்திலிருந்து டீச்சரம்மாவின் பெயரை எடுத்துவிட்டு, பழைய மந்திரி ஒருவரின் பெயரை மாட்டி, பினோசே கும்பல் அதையே தன் ஆட்சிப் பீடமாக ஆக்கிக்கொண்டது.

பெயரை எடுத்தார்களே தவிர, ஆளை விட்டார்களா? இல்லை. 1981இல் 5000 பெசோ நோட்டில் அவர் முகத்தை அச்சடித்தார்கள்! நெரூதாவுக்குப் போட்டியாக ஒரு சாந்தமான முகம் அவர்களுக்குத் தேவைப்பட்டது. தாலாட்டுப் பாடிய அம்மா, குழந்தை பெறாத தாய், அரசியல் அறியாத பக்தை, வாய் திறக்காத டீச்சர். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொடுத்த கப்ரியேலா இவர்தான்.

தாலாட்டு எழுதியது உண்மை. கிறிஸ்தவ பக்தி உள்ளவர் என்பதும் உண்மை. பிரான்சிஸ்கன் சபையோடு தொடர்புள்ளவர். அவர் பொதுவுடைமைக்காரர் அல்ல, அப்படிச் சொல்லிக்கொண்டதும் இல்லை. அதை மறைத்து அவரை நம் பக்கம் இழுத்துக்கொள்ள நான் வரவில்லை. அப்படிச் செய்தால் பணநோட்டு அச்சடித்தவர்களுக்கும் நமக்கும் வித்தியாசம் என்ன?

ஆனால் அவர் எழுதியதைப் பாருங்கள், செய்ததைப் பாருங்கள். 1928இல் நிகராகுவாவில் அமெரிக்கப் படையை எதிர்த்துக் காட்டுக்குள் நின்று போராடிய சாந்தினோவுக்கு ஆதரவாக எழுதினார். 1938இல் வெளியான கவிதைப் புத்தகத்தின் வருமானத்தை, ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் அனாதையான பாஸ்க் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டார். 1948இல் சிலியில் கம்யூனிஸ்டு கட்சி தடை செய்யப்பட்டு, நெரூதா தலைமறைவாகி நாட்டை விட்டுத் தப்பினார் அல்லவா? 1950களின் தொடக்கத்தில் இத்தாலியில், அதே அரசாங்கத்திடம் சம்பளம் வாங்குகிற கன்சலாக இருந்துகொண்டே, அந்த நெரூதாவுக்குத் தம் வீட்டுக் கதவைச் சாத்த மறுத்தார். அதே சமயத்தில், சமாதானம் என்ற சொல்லைச் சொன்னாலே சந்தேகப்படுகிற நிலை வந்துவிட்டதே என்று கண்டித்துக் கட்டுரை எழுதினார்.

1954இல் பல ஆண்டு கழித்து சிலிக்கு வந்தபோது நடந்ததைச் சொல்லாமல் விட முடியாது. ஜனாதிபதி மாளிகையின் உப்பரிகையில் நின்று பேசுகிறார். கீழே மக்கள் வெள்ளம். பக்கத்தில் ஜனாதிபதி இபான்யெஸ். அம்மையார், குடியானவர்களுக்கு நிலம் பங்கிட்டுக் கொடுத்ததற்காக அரசாங்கத்தைப் பாராட்டுகிறார். சிலியில் அப்படியொரு நிலச் சீர்திருத்தம் அன்றைக்கு நடந்திருக்கவே இல்லை! பக்கத்தில் நின்றவர்கள் நெளிந்தார்கள். முதுமையின் மறதி என்று சொல்கிறவர்கள் உண்டு. டீச்சர்மார்களை அறிந்தவன் என்ற முறையில் எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. பாடம் எழுதாத பையனை, "நீ எழுதியிருப்பாயே, காட்டு பார்ப்போம்" என்று எழுப்பி நிறுத்துகிற வித்தை டீச்சர்களுக்குக் கைவந்தது.

அந்தப் பெட்டிகளில் இருக்கும் பெரிய சொத்து, அவர் முடிக்காமல் விட்ட ஒரு நீண்ட கவிதை நூல். சிலியைப் பற்றிய கவிதை. செத்துப்போன ஒரு பெண் ஆவியாகத் திரும்பி வந்து, ஆதிகுடிச் சிறுவன் ஒருவனையும் ஒரு மான்குட்டியையும் கூட்டிக்கொண்டு, நாட்டை வடக்கிலிருந்து தெற்காகக் கால்நடையாகவே நடந்து பார்க்கிறாள். மலை, செடி, பறவை, ஆறு ஒவ்வொன்றையும் சிறுவனுக்குப் பெயர் சொல்லிக் கற்றுக்கொடுக்கிறாள். அவன் கேட்கிறான், அவள் பதில் சொல்கிறாள். வகுப்பறைக்குச் சுவர் இல்லை, அவ்வளவுதான். நடக்கிற வழியில் நிலமில்லாதவனுக்கு நிலம் எப்போது என்ற பேச்சும் வருகிறது. ஊரில் இல்லாத கன்சல், இருபது ஆண்டுக்குக் குறையாமல், அந்நிய நகரங்களில் உட்கார்ந்து மடிப் பலகை மேல் இதை எழுதித் திருத்திக்கொண்டே இருந்தார்.

டோரிஸ் டானா அதிலிருந்து தொகுத்து 1967இல் புத்தகமாக வெளியிட்டார். அதே 1967இல்தான் சிலியில் உண்மையான நிலச் சீர்திருத்தச் சட்டமும், விவசாயத் தொழிலாளர்கள் சங்கம் வைத்துக்கொள்கிற உரிமைச் சட்டமும் வந்தன. அந்த நிலங்களில் ஒரு பகுதி 1973க்குப் பின் பழைய முதலாளிகளிடமே திரும்பிப் போயிற்று. அச்சில் வந்த கவிதை நூலும் முழுமையல்ல. பெட்டிகள் திறந்த பிறகு அதற்கென்று எழுதிய வேறு பல கவிதைகளும், ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு உருவங்களும் கிடைத்தன.

பெட்டி எப்படித் திறந்தது? டோரிஸ் டானா 2006இல் இறந்தார். காகிதங்கள் அவருடைய உடன்பிறந்தாரின் மகள் டோரிஸ் அட்கின்சனுக்கு வந்தன. ஸ்பானிஷ் மொழி நன்கு அறியாத அமெரிக்கப் பெண்மணி. நோபல் பரிசுக் கவிஞரின் கையெழுத்துக்கு ஏல மண்டியில் என்ன விலை போகும் என்று உங்களுக்கே தெரியும். இவர் விற்கவில்லை. சிலி மக்களுடைய சொத்து சிலி மக்களுக்கே போக வேண்டும் என்று அப்படியே கொடையாகக் கொடுத்துவிட்டார். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஏகாதிபத்திய நாடுகளின் காட்சிசாலைகளில் எத்தனை நாட்டுச் சிலைகளும் சுவடிகளும் திரும்பி வராமல் கிடக்கின்றன! புத்தக வருமானத்தின் பொறுப்பும், உயிலில் கண்டபடி மாண்டெகிராண்டேப் பிள்ளைகளுக்காக, சிலியின் பிரான்சிஸ்கன் சபையிடம் சேர்ந்தது.

2008இலேயே, அதுவரை அச்சேறாத கவிதைகள் ஒரு தொகுதியாக வந்தன. அதற்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? நம் மொழியில் சொன்னால் "நாற்றங்கால்". நட்டு முடியாத நாற்றுகள் என்று பொருள்படும்படி! இந்தப் பெயரை இங்கே உட்கார்ந்திருக்கிற தாய்மார்களை விட நன்றாக யாரால் புரிந்துகொள்ள முடியும்?

2009இல் கடிதங்கள் வந்தன. டோரிஸ் டானாவுக்கு அம்மையார் எழுதியவை. அவற்றில் தோழமையைத் தாண்டிய காதலும் ஏக்கமும் கோபமும் பிரிவுத் துயரமும் இருக்கின்றன. "ஐயோ, நம் டீச்சரம்மாவா?" என்று பலர் திகைத்தார்கள். சிலர் இதை வெளியிட்டிருக்கவே கூடாது என்றார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. பணநோட்டு முகத்துக்கு மட்டும்தான் இரத்தம் ஓடாது. தனிமையில் வாழ்ந்து, 1943இல் மகனாக வளர்த்த பையனைப் பறிகொடுத்து, ஊர் ஊராக அலைந்த ஒரு மனுஷி யாரை நேசித்தாள் என்பதை மறைத்துத்தான் அவளுக்கு மரியாதை செய்ய வேண்டுமா?

பெயர் பறிக்கப்பட்ட கட்டடத்தையும் சொல்லி முடித்துவிடுகிறேன். ராணுவ ஆட்சி 1990இல் போயிற்று. 2006இல் அங்கே தீப்பிடித்துப் பெரும் பகுதி எரிந்தது. பழுது பார்த்து, 2010இல் மக்கள் கலை நிலையமாகத் திறந்தபோது கப்ரியேலா மிஸ்த்ரால் என்ற பெயர் திரும்பவும் வாசலில் ஏறியது.

காகிதங்களை தேசிய நூலகம் ஒவ்வொரு தாளாகப் படம் பிடித்து இணையத்தில் போட்டு வருகிறது. காசு கட்டணம் எதுவும் கிடையாது. அவற்றை அடிப்படையாக வைத்து அவருடைய எழுத்துகளை நூலகமே எட்டுத் தொகுதிகளாகவும் வெளியிட்டிருக்கிறது. ஸ்பானிஷ் தெரியாத நாமும் அந்தத் தாள்களை இந்த வாசகசாலையின் கம்ப்யூட்டரிலேயே பார்க்கலாம். கூட்டம் முடிந்ததும் தோழர்கள் காட்டுவார்கள், இருந்து பார்த்துவிட்டுப் போங்கள். மாண்டெகிராண்டேப் பள்ளிப் பிள்ளை ஒருத்தி தன் ஊரிலிருந்தே அந்த நோட்டைத் திறந்தால், பென்சில் கோடும் தெரியும், அழித்த தடமும் தெரியும், ஒன்றன் மேல் ஒன்றாக எழுதி இரண்டையும் அடிக்காமல் விட்ட சொற்களும் அப்படியே தெரியும்.